நல்ல நேரத்துக் கோடு

“ஹியா, இந்த ஆறுல ஒண்ணை அறுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்பணும்.”

பேங் சொல்லியே விட்டாள். ‘அறுக்கலாமா’ என்று இழுத்திருந்தாலாவது, சின்னப் பெண் ஏதோ கேட்கிறாள் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். அவள் இழுக்கவில்லை. ‘அறுக்கணும்’ என்று முடித்துவிட்டு, பதில் வரும்வரை நகர்வதில்லை என்பதுபோல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மேசை நடுவே பித்தளைத் தட்டு. அதில் மஞ்சள் பட்டு, பட்டின் மேல் ஆறு எஃகுக் கவைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை நூல், நெற்றியில் நகக்கண் அளவுக்குத் தங்க ரேக்கு. தட்டுக்கு அந்தப் பக்கம், சோங்தேவ் என்னும் பெஞ்சு வண்டிகளின் ஓட்டுநர் சங்கத் தலைவர் சம்ரான் கூப்பிய கையைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த ஜே முய்யின் கரண்டி அப்படியே நின்றது. முதலாளி குவாங் மட்டும் சிரித்த முகத்தை மாற்றவில்லை. மாற்ற மறந்துவிட்டார் என்பதுதான் சரி.

குவாங்கை எல்லோரும் ‘ஹியா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சீன வழி வந்த முதலாளிகளுக்கு அங்கே அதுதான் மரியாதை. அண்ணன் என்று பொருள். அவருடைய அக்கா முய், ஆபீஸ் நிர்வாகம். அவள் எல்லோருக்கும் ‘ஜே’, அதாவது அக்கா.

இந்த ஒன்றை மட்டும் கேட்காதே என்று பேங்கிடம் சொல்லாதவர்கள் இல்லை. “அந்த ஆறைப் பத்தி வாயைத் திறக்காத. திறந்தா உன் சாமர்த்தியமெல்லாம் சமையல் கட்டுலதான்” என்றாள் ஜே. பிரிண்டரை ஓட்டும் தூன் அண்ணன் தன் பாணியில் சொன்னார்: “எது வேணா கேளு. சம்பளம் கூடக் கேளு. ஹியாவோட பென்ஸ் சாவியைக் கேளு. அறுக்கச் சொல்லி மட்டும் கேக்காத, தாயே.” காலாசின் மாகாணத்தில் மரவள்ளித் தோட்டத்திலிருந்து போன் செய்த அம்மாவுக்குக் கவை என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் மகளின் குரலை வைத்தே மோப்பம் பிடித்துவிட்டாள். “நம்ம வம்சத்துலயே காலேஜ் படியேறினவ நீ ஒருத்தி. படிச்ச வாயைக் கொஞ்சம் மூடி வெச்சுக்க.”

மூடித்தான் வைத்திருந்தாள், நேற்று வரை.

கவை என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. உண்டிவில் செய்யக் கவட்டைக் குச்சி ஒடிப்போமே, அந்த வடிவம். எஃகில். அடிப்பாகம் மோட்டாரோடு சேரும். மேலே நிற்கும் இரண்டு காதுகளுக்கு நடுவில் ஒரு சிலுவைத் துண்டு. அதற்குப் பிறகு, வண்டியின் வயிற்றுக்குக் கீழே பின் சக்கரம்வரை ஓடும் நீளத் தண்டு. வண்டியை இழுக்கிற வேகமெல்லாம் அந்த இரண்டு காதுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். சம்ரானின் சங்கம் பழைய டீசல் பிக்கப்புகளின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் வைக்கிறது. அந்த மோட்டாரையும் அந்தத் தண்டையும் சேர்க்கிற கவை உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. நாற்பது வண்டிக்காக எவனும் அச்சு வெட்டிக் கொல்லுலை மூட்ட மாட்டான். அதனால்தான் பிரிண்டர். முடியளவு கனத்தில் எஃகுப் பொடியைப் பரப்பு, லேசரால் உருக்கு. மறுபடி பரப்பு, மறுபடி உருக்கு. இப்படி ஆயிரக்கணக்கான ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கவை வளரும். வரைந்தவள் பேங். எடை பாதி, பலம் முழுசு. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று அவள் நடித்ததும் இல்லை.

ஏடு ஒட்டினால்தான் கவை. ஒட்டாவிட்டால் அது அப்பளக் கட்டு.

ஓடுகிற வண்டியில் கவை ஒடிந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தண்டின் முன்முனை கீழே விழும், ரோட்டில் குத்தும். கம்பு ஊன்றித் தாண்டுகிறவனைப் போல வண்டி அந்தத் தண்டின்மேல் எழும்பும். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு நிறைய ஷிப்டு முடிந்த பெண்கள். இடமில்லாதவர்கள் பின்படியில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். சம்ரோங்கிலிருந்து தெபாரக் சாலைப் பட்டறைக்குத் தினம் அப்படித் தொங்கி வருகிறவர்களில் பேங்கும் ஒருத்தி.

இந்த ஆறுக்கு மட்டும் என்ன வந்தது?

நல்ல நேரம் வந்தது. புதுப் பிரிண்டருக்கு ஆசி வாங்க ஜோசியர் குறித்துக் கொடுத்தது ஒன்பது மணி ஒன்பது நிமிடம். ஒன்பது என்றால் அந்த ஊரில் முன்னேற்றம். கார் நம்பரில் ஒன்பது வேண்டும், கல்யாணத்துக்கு ஒன்பது பிக்குகள் வேண்டும். ஆனால் சம்ரானைச் சந்தோஷப்படுத்துகிற அவசரத்தில், முதல் நாளே பிரிண்டரை ஓடவிட்டுவிட்டார் ஹியா. மறுநாள் காலை மடத்துப் பெரிய பிக்கு வந்து நின்றபோது பிரிண்டரின் வயிற்றில் ஆறு கவைகளும் பாதி வளர்ந்திருந்தன. சரியாக, அடிப்பாகம் முடிந்து காதுகள் முளைக்கத் தொடங்கும் இடம்.

பிக்கு நல்ல மனிதர். கண்ணாடி வழியே உள்ளே லேசர் மினுக்குவதைக் குனிந்து பார்த்தார். “ஓடிக்கிட்டிருக்கு போலயே. வெளிப்பக்கமே மூணு பொட்டு வெச்சிடறேனே. வேலை பாக்கறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?” என்றார்.

“இல்லீங்க சாமி, உள்ளதான். பிள்ளைங்க வயித்துல இருக்கும்போதே ஆசி விழட்டும்” என்றார் ஹியா.

பேங் வாயைத் திறப்பதற்குள் தூன் கதவைத் திறந்துவிட்டார். காற்றுப் படக்கூடாதென்று அடைத்து வைத்திருந்த ஆர்கான் வாயு போயிற்று. கனிந்து கிடந்த எஃகு ஆறிச் சுருங்கிற்று. மூங்கில் குச்சிக் கட்டிலிருந்து தெறித்த தீர்த்தம் சாம்பல் நிறப் பொடியில் மணிமணியாகத் திரண்டு நின்றது. கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு கதவை மூடி, வாயுவை நிரப்பி, விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டார்கள். பாதி வெந்த சோற்றை இறக்கி, ஆறவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எஃகு என்றதும் மறந்துவிட்டார்கள்.

ஆறும் வெளியே வந்தபோது ஒவ்வொன்றின் கழுத்தைச் சுற்றியும் ஒரு கோடு. நகத்தால் வருடினால் தட்டியது. இந்த ஆறையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆறு போடலாம் என்றாள் பேங். ஹியா சிரித்தார். “வயித்துக்குள்ளயே ஆசி வாங்கின பிள்ளைங்களை யாராவது குப்பையில போடுவாங்களா?” மணலை வேகமாகப் பீய்ச்சியடித்து மேல்தோலை மெருகேற்றச் சொன்னார். கோடு மறைந்தது. கண்ணுக்கு மட்டும்.

இப்போது அந்த ஆறும் பட்டுத் துணியில்.

முதலில் பேசியவர் சம்ரான். கோபம்கூட இல்லை, அதிர்ச்சிதான்.

“அறுக்கறதா? பாப்பா, புத்தர் சிலை வாங்கினா உள்ள வெண்கலமா களிமண்ணான்னு அறுத்தா பாப்போம்?”

“புத்தர் சிலை வண்டியை இழுக்கப் போறதில்ல பெரியப்பா.”

“ஆசி வாங்கின சாமான்மா இது. இதை அறுத்தா எங்க டிரைவருங்க எவன் வண்டியில ஏறுவான்?”

“அறுக்காம மாட்டினா ஏறினவன் எறங்குவானான்னு நான் கேக்கறேன்.”

ஹியா தொண்டையைச் செருமினார். சிரிப்பு இன்னும் அங்கேயே இருந்தது. “பேங், நாம எல்லாம் ஒரே குடும்பம். அண்ணன், தம்பி, தங்கச்சி. விருந்தாளி முன்னால தங்கச்சி அண்ணனோட முகத்தை உரிப்பாளா?”

குடும்பம். அந்தச் சொல் எப்போது வெளியே வந்தாலும் யாரோ எதையோ விழுங்க வேண்டிவரும் என்பதை இந்த இரண்டு வருஷத்தில் பேங் கற்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடும்போது குடும்பம். வெல்டிங் பிரிவில் ஒருவனுக்கு விரல் போனபோது, ஊராருக்குத் தெரிய வேண்டாம், நாம் ஒரே குடும்பம்.

“ஹியா” என்று தொடங்கினாள். கோபத்தில் குரல் சரிந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மொழியில் சொல்லுக்குச் சுருதி உண்டு. ஹியா என்று சமமாகச் சொன்னால் அண்ணன். அதையே மேலே ஏற்றிக் கீழே இறக்கினால் உடும்பு. உடும்பு என்பது அங்கே வெறும் பிராணி இல்லை. அதைவிடக் கேவலமான வசவு அவர்களிடம் கிடையாது. தெருச் சண்டையில் கடைசியாக எடுக்கிற ஆயுதம் அது.

“இப்ப என்ன சொன்ன?” என்றார் ஹியா. இப்போது சிரிப்பு இல்லை.

“உங்க காதுல எது விழுந்துச்சோ அது.”

சம்ரான் அவசரமாகத் தண்ணீர் டம்ளரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். கிழவருக்குப் புரையேறியது. ஜே முய் கரண்டியை ‘ணங்’கென்று வைத்தாள். “காலாசின்காரிங்களுக்கு எப்பவும் சுருதி தப்பும். நாத்த மீன் தின்னு தின்னு தடிச்ச நாக்கு.”

“நாக்குல மீன் நாத்தம் இருந்துட்டுப் போகட்டும் ஜே. கவைக்குள்ள தண்ணி இருக்கக் கூடாது.”

“உனக்குப் பேரு வெச்சவங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க” என்றார் ஹியா. பேங் என்றால் விலை அதிகம். “உன்னைக் கட்டி மேய்க்கறது எனக்குக் கட்டுப்படியாகல.”

“எங்க ஊர்ப் பேச்சுல அதுக்கு அருமைன்னு அர்த்தம். உங்க ஊருக்கு வந்துதான் அது விலையாச்சு.”

அதற்குமேல் விட்டால் கிழவர் எழுந்து போய்விடுவார் என்று ஜே முய்க்குத் தோன்றியிருக்க வேண்டும். கடை நடத்தத் தெரிந்தவள் அவள்தான். தம்பியின் தோளில் தட்டிவிட்டு, தேன் குழைத்த குரலில் சொன்னாள்: “சரி, பொண்ணு கேக்கறதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அறுத்துக் காட்டிடலாம். ஆசி வாங்கினதை எதுக்கு அறுக்கணும்? ரெண்டாவது தரம் போட்டது இருக்கே, அதே டிராயிங், அதே பொடி, அதே மெஷின். அதுல ஒண்ணை அறுப்போம். பெரியவரும் கண்ணால பாத்துடட்டும்.”

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. கூட்டமாகக் கீழே பட்டறைக்கு இறங்கினார்கள். தூன் இரண்டாவது தடவை போட்ட கவை ஒன்றைப் பட்டை ரம்பத்தில் பிடித்தார். வெள்ளைக் குளிரெண்ணெய் பால்போல வழிய, ரம்பம் கழுத்தோடு இறங்கிற்று. இரண்டு பாதியையும் மெருகு தேய்த்துக் கொடுத்தார். உள்முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பொட்டு இல்லை, ஓட்டை இல்லை. சம்ரான் அதில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

“இப்ப சந்தோஷமா?” என்றார் ஹியா.

“இது அந்த ஆறோட தம்பி ஹியா. இவன் பொறக்கும்போது யாரும் கதவைத் திறக்கல.”

தூன் ரம்பத்தைத் துடைப்பதில் மும்முரமானார்.

ஜே முய் பேங்கின் முழங்கையைப் பிடித்து, எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். கோபமெல்லாம் இல்லை. சொந்தத் தங்கைக்குப் புத்தி சொல்வதுபோலவே சொன்னாள். “இங்க பாரு. கிழவரைப் பாத்து ‘நல்லா இருக்கு’ன்னு ஒரே வார்த்தை சொல்லு. வரைஞ்சவ நீ. நீ சொன்னா அவருக்கு மனசு நெறையும். அடுத்த மாசத்துலேர்ந்து பிரிண்டர் பிரிவுக்கு நீதான் தலைவி. இருபத்தஞ்சு வயசுல எந்தப் பொண்ணுக்குக் கெடைக்கும்? உங்கம்மா பட்டமளிப்புப் போட்டோவை டிவியைவிடப் பெருசா மாட்டி வெச்சிருக்காங்கன்னு நீதானே சொன்ன?”

சொன்னது உண்மைதான். அந்தப் போட்டோவின் கீழே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எம்பொண்ணு வெளிச்சத்தை வெச்சு இரும்பு செய்யறா” என்று சொல்கிறவள் அம்மா. வேலை போய்விட்டால் அந்த வாக்கியத்தை அம்மா எப்படி மாற்றிச் சொல்வாள் என்று பேங் ஒரு கணம் நினைத்தாள். ஒரு கணம்தான். பள்ளியிலிருந்து இன்றுவரை எத்தனை ‘ஆமாங்க’ சொல்லி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பதும் கூடவே நினைவு வந்தது. வாத்தியாருக்கு ஆமாங்க, ஹாஸ்டல் வார்டனுக்கு ஆமாங்க, இன்டர்வியூவில் ‘உங்க பக்கத்துப் பொண்ணுங்க சமைப்பாங்களே’ என்றவனுக்கும் ஆமாங்க. அன்று கதவு திறந்தபோது ‘நிறுத்துங்க’ என்று கத்தாமல் வாயடைத்து நின்றதும் அதே பழக்கம்தான்.

“நல்லா இருக்குன்னு சொல்ல எதுக்கு ஜே படிச்சவ? கிளி போதுமே. நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லத்தான் படிச்சேன்.”

கையை உதறிக்கொண்டு மாடி ஏறினாள். திரும்பி இறங்கி வரும்போது தட்டிலிருந்த ஆறில் ஒன்று அவள் கையில் இருந்தது.

“ஏய், வெய்யி!” என்றார் ஹியா. ஆனால் கிட்டே வரவில்லை. ஆசி வாங்கிய பொருளைப் பிடித்திழுத்துக் கீழே போட்டுவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? அந்த ஒரு பயம் எல்லோரையும் அவரவர் இடத்தில் நிறுத்தி வைத்தது. பேங்குக்கும் பயம் இல்லாமலில்லை. அவளும் அதே மடத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறவள்தான். கவையின் கழுத்து நூலை அவிழ்த்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். கவையை நெற்றிக்கு உயர்த்தி ஒரு கும்பிடு போட்டாள்.

“பாவம்மா. பெரிய பாவம்” என்றார் சம்ரான்.

“எங்கணக்குல எழுதிக்கட்டும் பெரியப்பா. நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்.”

மூலையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. முதலில் இரண்டாவது தடவை போட்டதில் இன்னொன்றை எடுத்து வைத்தாள். வண்டி ஆளேற்றிக்கொண்டு மேடு ஏறும்போது காதில் எவ்வளவு பாரம் விழும் என்று கணக்கிட்டு, அதற்கு இரண்டு மடங்கில் அழுத்தம் காட்டும் முள்ளின் கண்ணாடிமேல் சிவப்புக் கோடு இழுத்தவள் அவளே. கைப்பிடியை அழுத்த அழுத்த முள் ஏறியது. சிவப்பைத் தொட்டது, தாண்டியது. காது லேசாக வளைந்தது. ஒடியவில்லை. எடுத்துச் சம்ரான் கையில் கொடுத்தாள்.

பிறகு தங்க ரேக்கு ஒட்டிய கவையை வைத்தாள். கண்ணாடி மறைப்பை இறக்கினாள். முள் கிளம்பிற்று. சிவப்புக்குப் பாதி தூரம்கூட வரவில்லை.

டக்.

அவ்வளவுதான் சத்தம். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி. ஒரு காது உதிர்ந்து பிரஸ்ஸின் அடித்தட்டில் உருண்டது.

ஒடிந்த இடம் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தது. நல்ல எஃகு அப்படி ஒடியாது. இழுபட்டு, கிழிபட்டு, வலியைக் காட்டித்தான் ஒடியும். இது ஒட்டவே ஒட்டாததால் விலகி வந்திருக்கிறது. அந்தத் தட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வட்ட வட்டமாய்க் கருமை. பேங் சுண்டு விரலால் காட்டினாள்.

“தண்ணி விழுந்த இடம். இதோ, இதோ, இங்கயும். ஒன்பது மணி ஒன்பது நிமிஷம்.”

தூன் தரையைப் பார்த்தார். ஹியாவின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. சம்ரான் அந்தக் காதை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடினார். இனி கிழவர் பொங்குவார், ஹியாவின் சட்டையைப் பிடிப்பார் என்று பேங் காத்திருந்தாள்.

கிழவர் கண்ணைத் திறந்தார். முகம் தெளிந்திருந்தது.

“வாங்கிக்கிச்சு” என்றார்.

“என்னது பெரியப்பா?”

“கண்டத்தை இது வாங்கிக்கிச்சு. எங்க சித்தப்பா கழுத்துத் தாயத்து இப்படித்தான், லாரி மோதின அன்னிக்கு ரெண்டா பொளந்துச்சு. அவருக்குக் கீறல் இல்ல. ஒடஞ்ச தாயத்து நமக்கு வரவேண்டியதைத் தான் எடுத்துக்கும் பாப்பா. ஆறுக்கும் வரவேண்டிய கெட்டது இது ஒண்ணோட போச்சு.” தட்டு இருந்த மாடியைப் பார்த்துக் கும்பிட்டார். “மீதி அஞ்சும் இனிமே வைரம்.”

ஹியாவுக்கு உயிர் வந்தது. “அதேதான்! நான் சொல்ல வாயெடுத்தேன், பெரியவர் சொல்லிட்டாரு. பாத்தியா பேங், உன் கையாலயே நல்லது நடந்திருக்கு!”

பேங்குக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு. மறைக்கக்கூட முயலாமல் சிரித்தாள். எஃகு வாய் திறந்து சாட்சி சொல்லியும் தோற்கிற கோர்ட் இது ஒன்றுதான்.

“பெரியப்பா, அந்த அஞ்சும் இதோட கூடப் பொறந்ததுங்க. அதே கதவு, அதே தண்ணி, அதே நிமிஷம். ரெண்டாவது தரம் போட்டது அலமாரியில நிக்குது, சுத்தமானது. அதை மாட்டுங்க. இந்த அஞ்சையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சு சங்கத்துல பூஜை பண்ணுங்க, நானே பூ வாங்கித் தரேன்.”

“ஆசி இல்லாததை மாட்டிட்டு, டிரைவருங்க கிட்ட ஆசி வாங்கினதுன்னு சொல்லவா? தொடக்க விழாவுக்குத் துணை ஆளுநர் வராரு, மேளம் சொல்லியாச்சு, அந்த ஆறு வண்டிதான் முதல்ல போகுதுன்னு ஊர் பூராச் சொல்லியாச்சு.” கிழவர் அவள் தலையை ஆசையாகத் தடவினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “நீ நல்ல பொண்ணு. கொஞ்சம் நம்பிக்கை வேணும். அஞ்சு வண்டியா விட்டாப் போச்சு.”

“தூன், அந்த அஞ்சையும் பெட்டியில வெச்சுப் பெரியவர் வண்டியில ஏத்து” என்றார் ஹியா. பிறகு பேங்கின் பக்கம் திரும்பி, பெரிய மனசு காட்டினார். “மாலை வாங்கிட்டு வந்து அந்தத் தட்டு முன்னால விழுந்து மன்னிப்புக் கேட்டுடு. எனக்கும் ஒரு கும்பிடு போடு. அந்த உடும்புப் பேச்சையும் நான் மறந்துடறேன். குடும்பம்னா இதெல்லாம் இருக்கும்.”

பேங் கையுறையைக் கழற்றி பிரஸ்ஸின் மேல் வைத்தாள். ஒடிந்த கவையின் உடலை எடுத்தாள். சம்ரான் கைக்குள் இருந்த காதுக்காகக் கையை நீட்டினாள். கிழவர் புரியாமல் கொடுத்துவிட்டார்.

“அதை எங்க எடுத்துட்டுப் போற?” என்றாள் ஜே.

“சம்ரோங் ஸ்டாண்டுக்கு.”

“எதுக்கு?”

“அஞ்சு பேரு ஸ்டீயரிங் பிடிக்கப் போறாங்கள்ல? அவங்க கையில குடுக்க. அவங்க ஆற அமர நிக்கற நேரம் இதுதான், ரெண்டு மணி ஷிப்டு கூட்டம் வர்றதுக்கு முன்னால.”

“எங்க ஆளுங்க நான் சொல்றதைத்தான் கேப்பாங்க” என்றார் சம்ரான். குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் பிசிறு தட்டியது.

“கேக்கட்டும் பெரியப்பா. நீங்க வாங்கிக்கிச்சுன்னு சொல்லுங்க. நான் ஒட்டலைன்னு சொல்றேன். ரெண்டையும் கேட்டுட்டு இந்த ஒடிசலை ஒரு தரம் தொட்டுப் பாக்கட்டும். அவங்க பொண்டாட்டிங்களும் அந்த வண்டியிலதான் வராங்க. அவங்க கிட்டயும் தொடக் குடுப்பேன். கேக்கலேன்னா துணை ஆளுநர் முன்னால மேளத்துக்கு நடுவுல போய்ச் சொல்லுவேன்.”

ஹியா குறுக்கே வந்து நின்றார். “இந்த வாசலைத் தாண்டினா, தெபாரக்குலேர்ந்து பாங்ப்லி வரைக்கும் எந்தக் கம்பெனிக் கதவும் உனக்குத் திறக்காது. நான் ஒரு போன் பண்ணினாப் போதும்.”

“பண்ணுங்க. என்ன காரணம்னு கேப்பாங்க. அப்ப உண்மையைச் சொல்லுங்க.”

அவர் நகரவில்லை. அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

அலமாரி அருகே தூன் பெட்டியோடு நின்றார். “பேங்” என்றார் அடிக்குரலில், “போனா திரும்பி வர முடியாதும்மா.”

“தெரியும் அண்ணே. ராத்திரியே மேசையைக் காலி பண்ணி வெச்சுட்டேன். இவங்களா அறுக்கறாங்களான்னு பாக்கத்தான் காலையில வந்தேன்.”

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க...”

“உங்களை நான் ஒண்ணும் கேக்கலையே. கதவைத் திறந்தது யாருன்னு அங்க கேட்டா மட்டும் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்.”

தூன் பெட்டியைத் தரையில் வைத்தார். ஏற்றப் போகிறாரா, களைத்துப்போய் வைத்தாரா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

வெளியே வெயில் தகரக் கூரைகளின் மேல் வெள்ளையாக எரிந்தது. பின்னால் ஜே முய் யாரையோ கூவி அழைத்தாள். ஹியா எதையோ கத்தினார், லேத்துகளின் இரைச்சலில் அது அண்ணன் குரலாகவும் கேட்கவில்லை, முதலாளி குரலாகவும் கேட்கவில்லை. ஒடிந்த எஃகின் விளிம்பு உள்ளங்கையில் குத்தியது. பேங் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, சம்ரோங் போகிற பக்கத்துக்கு ரோட்டைக் கடந்தாள்.